ஜன்னலா, ஓரமா, வாசலா: ஒற்றை நடைபாதை விமானத்தில் சீட் எடுப்பது

சாத்தூரிலோ சிவகாசியிலோ டிக்கெட் போடும் கடையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். திரையில் விமானத்தின் படம் விரிகிறது. கட்டம் கட்டமாக மூன்று நான்கு நிறங்கள், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு விலை. “ஜன்னல் சீட் போட்டுருவமா அண்ணாச்சி? கொஞ்சந்தான் கூட வரும்” என்கிறார் கடைக்காரர். பின்னால் இன்னொருவர் காத்திருக்கிறார். “சரி, போடுங்க” என்று சொல்லிவிடுகிறீர்கள். அரை நிமிடத்தில் முடிந்த அந்த வியாபாரத்தில் உங்களுக்குக் கிடைத்தது இறக்கையின் முதுகைப் பார்த்தபடியோ, ஜன்னலே இல்லாத வெறும் சுவரில் தோளைச் சாய்த்தபடியோ உட்காரும் இடமாகக்கூட இருக்கலாம். கடைக்காரர் மேல் தப்பில்லை. அந்தப் படத்தில் இறக்கை தெரியாது, வெயில் தெரியாது, எந்த வரிசையில் சுவர் என்பதும் தெரியாது.

சீட் நம்பரைப் பார்ப்பதற்கு முன் விமானத்தின் பெயரைப் பாருங்கள். டிக்கெட் போடும்போதே திரையில் ஏ320, ஏ321, 737, ஏடிஆர் என்று எங்காவது சின்ன எழுத்தில் இருக்கும். மதுரையிலிருந்து கிளம்பும் நம்மூர்க்காரருக்கு வாய்ப்பது பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். இண்டிகோ ஓட்டுவது ஏர்பஸ் ஏ320-ம் அதைவிட நீளமான ஏ321-ம். குறுகிய தூரத்துக்கு அதே கம்பெனி இறக்கைவிசிறி சுற்றும் ஏடிஆர் 72-ஐ விடுகிறது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஸ்பைஸ்ஜெட் என்றால் பெரும்பாலும் போயிங் 737.

ஏ320, ஏ321, 737 மூன்றுமே நடுவில் ஒரே நடைபாதை உள்ளவை. இடப்பக்கம் மூன்று சீட், வலப்பக்கம் மூன்று. மூக்கைப் பார்த்து நின்றால் இடது ஜன்னலிலிருந்து ஏ, பி, சி, பிறகு நடைபாதை, அப்புறம் டி, இ, எஃப். ஏ-யும் எஃப்-ம் ஜன்னல், சி-யும் டி-யும் ஓரம், பி-யும் இ-யும் நடு. இந்த ஆறு எழுத்து மனதில் நின்றால் போதும், பாதி வேலை முடிந்தது.

அகலத்தில் ஏர்பஸ் கொஞ்சம் தாராளம். ஏ320-இன் உள் அகலம் சுமார் 3.70 மீட்டர், 737-இல் 3.54 மீட்டர். பதினாறு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஓர் அங்குலம். தோள் அகன்றவர் நடு சீட்டில் நான்கு மணி நேரம் சிங்கப்பூர் போகும்போது அந்த ஓர் அங்குலத்தின் அருமை தெரியும். மதுரையிலிருந்து சென்னைக்கு ஒன்றேகால் மணி நேரம். அதற்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம்.

ஜன்னல் சீட்டில் ஜன்னல் இருக்கிறதா?

சிரிக்காதீர்கள், இது நியாயமான கேள்வி. விமானத்தின் ஜன்னல்கள் உடற்சட்டத்தின் விலா எலும்புகளுக்கு நடுவே அமைகின்றன. ஏ320-இல் அந்த இடைவெளி சுமார் 53 சென்டிமீட்டர். சீட்டுகளையோ கம்பெனிக்காரர்கள் தங்கள் இஷ்டப்படி, 71 முதல் 76 சென்டிமீட்டர் இடைவெளியில் அடுக்குகிறார்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போக வழியில்லை. ஒரு வரிசையில் ஜன்னல் கன்னத்துக்கு நேராக வரும், அடுத்த வரிசையில் முழங்கைக்குப் பின்னால் போய்விடும்.

737-இல் இன்னொரு சங்கதியும் உண்டு. வயிற்றுப் பகுதியில் இருக்கும் குளிர்சாதனக் கருவியிலிருந்து கூரைக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய், இறக்கைக்குச் சற்று முன்னால் பக்கச் சுவருக்குள் ஏறுகிறது. அது ஏறும் இடத்தில் ஜன்னல் வைக்க முடியாது. 189 சீட் போட்ட 737-800-களில் இந்தச் சுவர் பெரும்பாலும் 10, 11-ஆம் வரிசைப் பக்கம் வரும். பணம் கொடுத்து ஜன்னல் வாங்குகிறவர் அந்த வரிசைகளைத் தவிர்த்துவிடுவது நல்லது.

இந்த இடத்தில் 11ஏ பற்றிச் சொல்லியாக வேண்டும். 2025 ஜூன் 12-ஆம் தேதி அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் லண்டன் விமானம் விழுந்தபோது உள்ளே இருந்த 242 பேரில் ஒருவர் மட்டும் பிழைத்தார். அவர் இருந்தது 11ஏ. அதன் பிறகு அந்த நம்பரைக் கேட்டு வாங்குகிறவர்கள் அதிகமானார்கள். ஆனால் அது போயிங் 787, இரண்டு நடைபாதை உள்ள பெரிய விமானம். அதில் 11ஏ அவசர வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. இண்டிகோவின் ஏ320-இல் 11ஏ வாசலுக்கு முந்தின வரிசை. அதன் முதுகு சாயாது, ஏனென்றால் சாய்ந்தால் வாசலுக்குப் போகும் வழி குறுகிவிடும். சில 737-களில் அதே 11ஏ-வில் ஜன்னலே இல்லை. நம்பர் ஒன்றுதான், விமானம் மாறினால் இடம் மாறிவிடுகிறது. ராசி நம்பரில் வண்டி வாங்கும் பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்.

வாசலிலிருந்து எத்தனை வரிசை?

நம் பகுதிக்காரருக்கு வாசலின் அருமையை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் 20 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். மருந்து அறையில் இத்தனை பேருக்கு மேல் உட்காரக் கூடாது, வாசலை மறித்துச் சரக்கு வைக்கக் கூடாது என்று போர்மேன் கத்துவது ஏன் என்று இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் புத்தியை அப்படியே விமானத்துக்குள் கொண்டுபோங்கள். சீட் எடுப்பதில் மற்றதெல்லாம் சௌகரியம் சம்பந்தப்பட்டது. இது ஒன்றுதான் உயிர் சம்பந்தப்பட்டது, இதற்குத்தான் யாரும் விலை போடுவதில்லை.

ஏ320-இல் எட்டு வழிகள். முன்னால் இரு பக்கமும் ஒவ்வொரு கதவு, பின்னால் அதேபோல் இரண்டு, நடுவில் இறக்கை மேல் திறக்கும் சிறு கதவுகள் பக்கத்துக்கு இரண்டு. 737-800-லும் அதே எட்டுதான். ஏ321-இல் ஏற்பாடு கொஞ்சம் வேறு, விமானத்தில் இருக்கும் பாதுகாப்பு அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். புது ரக விமானத்துக்கு அனுமதி வாங்கும்போது, இருக்கும் வழிகளில் பாதியை மூடிவிட்டு, இருட்டில், முழுக்கூட்டத்தையும் 90 நொடிக்குள் வெளியேற்ற முடியும் என்று காட்டியாக வேண்டும். நிஜத்தில் பெட்டியை எடுக்க நிற்கிறவரும் செருப்பைத் தேடுகிறவரும் இருப்பதால் அந்த 90 நொடி நீண்டுவிடும்.

1985 ஆகஸ்ட் 22-ஆம் தேதி இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒரு 737 ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது என்ஜின் வெடித்துத் தீப்பிடித்தது. விமானம் தரையை விட்டு எழும்பவே இல்லை. பிரேக் பிடித்து நிறுத்தியும் 137 பேரில் 55 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் நச்சுப் புகையால். இறக்கை மேல் கதவின் பக்கத்தில் இருந்த பயணி, கதவின் பிடி என்று நினைத்துச் சீட்டின் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கதவு கடைசியில் விடுபட்டபோது உள்ளே சரிந்து அவர் மேலேயே விழுந்தது. அந்த விபத்துக்குப் பிறகுதான் அவசர வாசல் வரிசையில் இடைவெளியை அகலப்படுத்தினார்கள். இன்று அந்த வரிசையைக் ‘கால் நீட்டும் சீட்’ என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். அந்த இடம் கால் நீட்ட ஒதுக்கப்பட்டதல்ல.

கிரீன்விச் பல்கலைக்கழகத்தில் எட் கலேயா என்ற பேராசிரியர் நூற்றுக்கும் மேற்பட்ட விபத்துகளின் சீட் வரைபடங்களை வைத்து ஆராய்ந்தார். வாசலிலிருந்து ஐந்து வரிசைக்குள் இருந்தவர்களுக்குப் பிழைக்கும் வாய்ப்பு கூடுதல், அதைத் தாண்டினால் குறைகிறது என்பது அவர் கண்டது. முன்பக்கம் பாதுகாப்பா பின்பக்கம் பாதுகாப்பா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுவே: முன், பின் என்பதை விடுங்கள், வாசல் எத்தனை வரிசை தள்ளி என்று பாருங்கள். 30 வரிசை ஏ320-இல் முதல் ஐந்து வரிசை, 8 முதல் 17 வரை, கடைசி ஐந்து வரிசை எல்லாம் இந்தக் கணக்குக்குள் வந்துவிடும். விலகி நிற்பவை ஆறாம், ஏழாம் வரிசைகளும், 18 முதல் 25 வரை உள்ள ஒரு துண்டும்தான்.

எந்த சீட் கிடைத்தாலும் உட்கார்ந்தவுடன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. முன்னால் இருக்கும் வாசலுக்கு எத்தனை சீட் முதுகு, பின்னால் இருப்பதற்கு எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். புகையில் கண் தெரியாது. கையால் தடவி எண்ணித்தான் போக வேண்டும். சீட் பையில் இருக்கும் பாதுகாப்பு அட்டையையும் எடுத்துப் பாருங்கள். சிவகாசிக்காரர் அதைக் கையில் எடுத்தால் முதலில் லேமினேஷனைத் தடவி, நிறம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார். பார்க்கட்டும். அப்புறம் படத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டால் சரி.

அவசர வாசல் வரிசையில் யார் உட்காரலாம்?

இண்டிகோ ஏ320-இல் அது 12-ம் 13-ம். இரண்டிலும் முழங்கால் இடிக்காது. 12 சாயாது, 13 சாயும். ஒரே விலையாக இருந்தால் 13-ஐ எடுங்கள். பதின்மூன்று ஆகாது என்று ஒதுங்குகிறவர்கள் இருப்பதால் சில நேரம் அது காலியாகக் கிடக்கும்.

கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள், சிறுவர்கள், பெல்ட்டுக்கு நீட்டிப்புப் பட்டை கேட்கிறவர்கள் ஆகியோருக்கு இந்த வரிசையைத் தரமாட்டார்கள். கையில் பலம் வேண்டும். ஏ320-இன் இறக்கை மேல் கதவு ஏறக்குறைய 15 கிலோ. பிடியை இழுத்து, உள்ளே வாங்கி, வெளியே எறிய வேண்டும். 737-800-இல் அது கீல் வைத்து மேல்நோக்கித் தானாகத் திறந்துகொள்ளும். விபத்தில் விரல் போனவர்கள், தோள்பட்டை சரியில்லாதவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் உண்டு. அவர்கள் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கிளம்பும் முன் பணிப்பெண் வந்து கதவைத் திறக்கும் முறையைச் சொல்வார், பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ. புரியவில்லை என்றால் தலையை ஆட்டி வைக்காதீர்கள். “வேற சீட் குடுங்கம்மா” என்று கேளுங்கள், மாற்றிக் கொடுப்பது அவர்கள் வேலை.

அந்தக் கதவின் பிடியைச் சும்மா தொட்டுப் பார்ப்பதும் வேண்டாம். 2022 டிசம்பரில் சென்னையிலிருந்து திருச்சி போக நின்ற விமானத்தில், தரையில் இருக்கும்போதே ஒரு பயணி அவசரக் கதவைத் திறந்துவிட்டார். எல்லாரையும் இறக்கி, விமானத்தைச் சோதித்த பிறகே கிளம்ப முடிந்தது.

வெயில் எந்தப் பக்கம், ஊர் எந்தப் பக்கம்?

ஜன்னல் என்று முடிவு செய்தபின் ஏ-யா எஃப்-ஆ என்பது பாக்கி. இதில் யாரும் பணம் கேட்பதில்லை, இரண்டுக்கும் ஒரே விலைதான். ஆனால் பயணத்தின் சுகமே இதில்தான் இருக்கிறது என்பேன். ஜன்னல் சீட் வாங்கிவிட்டு வெயிலுக்குப் பயந்து மறைப்பை இழுத்து மூடிக்கொண்டு தூங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

வடக்கே போகிற விமானத்தில் காலை வெயில் வலப்பக்கம், மாலை வெயில் இடப்பக்கம். தெற்கே வரும்போது அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து காலையில் சென்னை, டெல்லி, பெங்களூரு எங்கே போனாலும் ஏ-பக்கம் நிழல். சாயங்காலம் சென்னையிலிருந்து திரும்பினால் வெயில் எஃப் பக்கம், ஆகவே ஏ-யில் உட்காருங்கள். கடற்கரை தெரிவதும் அந்தப் பக்கம்தான்.

இறங்கும்போது என்ன தெரியும் என்பதைக் காற்று முடிவு செய்யும். விமானத்தைக் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் இறக்குவார்கள். மதுரை ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, ஊர் அதற்கு வடக்கே. ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது விமானம் கிழக்கே சுற்றிவந்து மேற்கு பார்த்து இறங்கும். அப்போது நகரம் வலப்பக்கம், எஃப். வானம் தெளிந்திருந்தால் கோபுரங்களைத் தேடலாம், தரை நெருங்கும்போது முன்வலப்பக்கம் திருப்பரங்குன்றம் மலை வரும். மார்கழி, தை மாதங்களில் வாடைக்கு எதிராகக் கிழக்கு பார்த்து இறங்கினால் இதெல்லாம் ஏ-பக்கம் போய்விடும். சென்னையில் கடல் மேலிருந்து மேற்கு நோக்கி இறங்கும் நாளில் மெரினா வலப்பக்கம். பைலட் நம்மைக் கேட்டுக்கொண்டு இறக்கப்போவதில்லை, ஆகவே இது பந்தயம்தான்; மாதத்தைப் பார்த்துக் கட்டினால் ஜெயிக்கும் வாய்ப்பு கூடும்.

நம் சீமையையே மேலிருந்து பார்க்க ஆசையா? சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் நேர்கோடு போட்டால் அது ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிப் போகும். விமானம் அந்தக் கோட்டிலேயே போகும் என்று உத்தரவாதம் இல்லை. அந்த வழியில் போகும் நாளில் தெற்கே போகிறவருக்கு இடப்பக்கம் சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர். வலப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. பட்டாசு ஆலைகளை உயரத்திலிருந்தே அடையாளம் காணலாம். ஒரு ஷெட்டில் பிடித்த தீ அடுத்த ஷெட்டுக்குத் தாவக் கூடாது என்று சட்டப்படி விட்ட இடைவெளியால், கரிசல் காட்டில் கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி சின்னச் சின்னக் கட்டடங்கள் தள்ளித் தள்ளி நிற்கும். காலை விமானத்தில் இடப்பக்கம் வெயில் அடிக்கும். பரவாயில்லை, இதற்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

எந்தப் பக்கமானாலும் இறக்கை மறைக்காத வரிசை வேண்டும். ஏ320-இல் தோராயமாக 8 முதல் 19 வரை கீழே பார்த்தால் இறக்கைதான். ஏழுக்கு முன்னால் உட்காருங்கள், அல்லது இருபதைத் தாண்டிப் போங்கள். பின்னால் இருந்து படம் எடுத்தால் என்ஜின் கக்கும் சூடான காற்றில் காட்சி கொஞ்சம் கலங்கும். முன்வரிசைகளில் அந்தத் தொல்லை இல்லை, சத்தமும் குறைவு, ஏனென்றால் என்ஜின் இரைச்சல் பின்னோக்கித்தான் போகிறது.

யாருக்கு எது?

முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு ஓர சீட். அதிலும் எந்தக் கால் என்று பார்க்க வேண்டும். சி-யில் உட்கார்ந்தால் நடைபாதை வலப்பக்கம், ஆகவே வலது காலை அவ்வப்போது நீட்டலாம். இடது கால் மடக்க முடியாதவருக்கு டி. தள்ளுவண்டி வரும்போது மட்டும் காலை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அப்பத்தாவுக்குக் காசி யாத்திரையில் ஜன்னல்தான் வேண்டும் என்றால் ஜன்னலைக் கொடுங்கள், பாத்ரூம் போக எழுப்ப வேண்டியிருக்குமே என்று பேரன் கணக்குப் பார்க்க வேண்டாம். நடுவில் பேரன் உட்கார்ந்துகொள்ளட்டும்.

வயிற்றைப் பிரட்டுகிறவர்கள் இறக்கைக்கு நேராக உட்கார வேண்டும். விமானத்தின் எடை மையம் அங்கேதான், ஆட்டம் குறைவாகத் தெரியும். வால் பக்கம்தான் அதிகம் ஆடும். ஜன்னலோரமாக உட்கார்ந்து தூரத்து அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது.

கைக்குழந்தை விஷயத்தில் ஒரு கணக்கு உண்டு. மூன்று சீட்டுக்கு மேலே பொதுவாக நான்கு ஆக்ஸிஜன் முகமூடிகள்தான் இருக்கும். ஆகவே ஒரே பக்கம் மூன்று சீட்டில் மடிக்குழந்தை ஒன்றுக்கு மேல் விடமாட்டார்கள். அக்கா தங்கை இருவரும் குழந்தையோடு போனால் ஒரே வரிசையில் நடைபாதைக்கு இரு பக்கமும் எடுக்கலாம், அல்லது முன்பின் வரிசையில் எடுக்கலாம். பக்கத்துப் பக்கத்தில் கிடைக்காது.

பிள்ளைகளோடு சேர்ந்து உட்காரவே பலர் பணம் கட்டுகிறார்கள். அதற்கு அவசியமில்லை. 12 வயது வரை உள்ள பிள்ளைக்கு, அதே பி.என்.ஆர்.-இல் போகும் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒருவர் பக்கத்தில் சீட் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் விமானக் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. பிள்ளைக்கும் பெரியவருக்கும் ஒரே டிக்கெட்டாகப் போடச் சொல்லுங்கள், தனித்தனியாகப் போட்டால் இந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

முதல் வரிசை பெருமைக்கு நன்றாக இருக்கும். முன்னால் சீட் இல்லாததால் பையைக் காலடியில் வைக்க முடியாது, ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாம் மேலே போய்விடும். சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் சீட்டின் அகலமும் கொஞ்சம் குறையும். கடைசி வரிசை பெரும்பாலும் சாயாது, பின்னால் பாத்ரூம், வரிசையில் நிற்கிறவர்களின் இடுப்பு நம் முகத்துக்கு நேராக. சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம்.

பணம் எப்போது, எப்போது வேண்டாம்?

ஆறடிக்கு மேல் உயரம் அல்லது கால் தொந்தரவு, தலைசுற்றல், சென்னையிலோ மும்பையிலோ இறங்கி அடுத்த விமானத்துக்கு ஓட வேண்டிய அவசரம் ஆகிய மூன்றுக்குத்தான் சீட்டுக்குத் தனியாகப் பணம் கொடுக்கலாம் என்பது என் கருத்து. ‘சீக்கிரம் இறங்கலாம்’ என்று முன்வரிசைக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வீண். பெட்டியைச் சரக்கில் போட்டவர் எப்படியும் பெல்ட் அருகே நிற்கத்தான் வேண்டும். பஸ்ஸில் ஏற்றி டெர்மினலுக்குக் கொண்டுபோகும் இடத்தில், முதலில் இறங்கியவர் பஸ் நிறையும்வரை உள்ளே காத்திருப்பார். படிக்கட்டு போட்டு முன், பின் இரண்டு கதவையும் திறந்தால் 28-ஆம் வரிசைக்காரர் 12-ஆம் வரிசைக்காரரை முந்திவிடுவார்.

மற்றவர்கள் வெப் செக்-இன் திறக்கும் நேரத்துக்குக் காத்திருக்கலாம். உள்நாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்கு முன்பே திறந்துவிடும். திறந்தவுடன் பார்த்தால் இலவசக் கட்டங்களில் நல்லதாகச் சில இருக்கும். நடு சீட்டுகள் மட்டுமே இலவசமாக மிச்சமிருந்தால் எதையும் தொடாமல் விமான நிலையக் கவுன்டரில் சீக்கிரம் போய் நில்லுங்கள். “ஜன்னலோரமா இருந்தா குடுங்க தம்பி” என்று சிரித்துக் கேட்டால் பல நேரம் கிடைக்கும். ஒரு ஜோடி ஏ-யையும் சி-யையும் எடுத்துக்கொண்டு பி காலியாகவே இருக்கும் என்று நம்பும் தந்திரம் ஒன்று உண்டு. தீபாவளிக்கு முந்தின வாரம் அதைச் செய்து பார்க்காதீர்கள்.

கவுன்டருக்கு முன்னதாகப் போங்கள் என்பதற்கு நம்மவர்களுக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. பாதுகாப்புச் சோதனையில் கையையும் பையையும் துணியால் துடைத்து வெடிமருந்துத் தூள் இருக்கிறதா என்று கருவியில் பார்ப்பார்கள். ஆலையில் போட்ட சட்டை, மருந்து அறைக்குள் கொண்டுபோன பை, இவற்றில் ஒட்டிய தூசியைக் கருவி காட்டிக்கொடுத்தால் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் விமானம் போய்விடும். பயணத்துக்கென்று தனிப் பையும் துவைத்த உடுப்பும் வைத்துக்கொள்ளுங்கள். மும்பை மாமாவுக்கு ஒரு பெட்டி மத்தாப்பு என்ற பேச்சே வேண்டாம். பட்டாசு, தீப்பெட்டி, லைட்டர் எதையும் கைப்பையிலும் சரக்குப் பெட்டியிலும் அனுமதிக்கமாட்டார்கள்.

ஏடிஆர் வந்தால்

மதுரையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ கிளம்பும் விமானம் ஏடிஆர் 72 என்றால் மேலே சொன்னதில் பாதியை மறந்துவிடுங்கள். தூத்துக்குடியின் வாகைக்குளம் ஓடுபாதை 1,350 மீட்டராக இருந்த காலமெல்லாம் ஏடிஆர் போன்ற விசிறி விமானங்கள்தான் அங்கே வந்துபோயின. இப்போது 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்துவிட்டார்கள், ஏர்பஸ் இறங்கும் நீளம் வந்துவிட்டது. சாத்தூர், வெம்பக்கோட்டை, கோவில்பட்டிப் பக்கத்தவர்கள் மதுரை ஒன்றையே பார்க்காமல் தூத்துக்குடி நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து டிக்கெட் போடலாம்.

ஏடிஆரில் இரண்டிரண்டு சீட்தான், நடு சீட் என்ற தொல்லையே கிடையாது. ஏறுவதும் இறங்குவதும் பின் கதவு வழியாக. ஆகவே சீக்கிரம் இறங்க விரும்புகிறவர் பின்வரிசை கேட்க வேண்டும், பலர் ஜெட் நினைப்பில் முன்வரிசைக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். இறக்கை தலைக்கு மேல் இருப்பதால் எந்த ஜன்னலிலிருந்தும் தரை தெரியும். விசிறிகள் முன்பாதியில் சுற்றுவதால் இரைச்சலும் அதிர்வும் அங்கே அதிகம், பின்னால் போகப் போகக் குறையும்.

ஏறிய பிறகு மனம் மாறினால் காலி சீட்டில் நீங்களாகப் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்பதை வைத்து எடைக் கணக்குப் போட்டிருப்பார்கள், ஆள் குறைவான விமானத்தில் பத்துப் பேர் பின்னாலிருந்து முன்னால் வந்தாலும் கணக்கு மாறும். கதவு மூடும்வரை பொறுத்திருந்து பணிப்பெண்ணிடம் கேளுங்கள். சில நேரம் உடனே சரி என்பார், சில நேரம் விமானம் மேலே ஏறி பெல்ட் விளக்கு அணையட்டும் என்பார். கூடுதல் விலை போட்ட வரிசை காலியாக இருந்தாலும் இலவசமாகத் தரமாட்டார்கள், அதே வகுப்பில் அதே விலைக் கட்டத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம். இறங்கும்போது மேல் தட்டில் வைத்த பையை எடுக்கப் பழைய வரிசைக்கு எதிர்த்திசையில் நீந்த வேண்டியிருக்கும், ஆகவே மாறும்போதே பையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.